வாசலில் ஒரு டம்ப்ஸ்டர்

அமெரிக்கப் புறநகர்த் தெரு ஒன்றில் கோடைக்காலத்துச் சனிக்கிழமை காலை நடந்து போனால், ஏதாவதொரு வீட்டின் முன்னால் லாரி நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி நிற்பதைப் பார்க்கலாம். மேலே மூடி கிடையாது. பக்கவாட்டில் வாடகை நிறுவனத்தின் பெயரும் போன் நம்பரும் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே பழைய சமையலறை அலமாரிகள், உடைந்த டைல்ஸ், சுருட்டிய கார்ப்பெட், சுவரிலிருந்து பெயர்த்த ஜிப்சம் பலகை. அங்கே வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்று தெருவே தெரிந்துகொள்ளும். இதுதான் டம்ப்ஸ்டர்.

வாரம் ஒருமுறை வரும் நகராட்சிக் குப்பை வண்டி இதையெல்லாம் எடுக்காது. சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் கொள்ளுகிற வீட்டுக் குப்பைதான் அதன் வேலை. சமையலறையை இடித்தாலோ கூரையை மாற்றினாலோ சேரும் ரப்பீஸ் வேறு கணக்கு. அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, 2018இல் கட்டுமானத்திலும் இடிப்பிலும் உண்டான கழிவு சுமார் 60 கோடி டன். அதே ஆண்டு நகராட்சிக் குப்பை 30 கோடி டன்னுக்கும் குறைவு. அதாவது வீடுகளும் கடைகளும் அன்றாடம் கழிப்பதைப்போல இரண்டு மடங்கு, கட்டடங்களிலிருந்து வருகிறது. அதிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இடிப்பதால் வருவது.

இந்த டம்ப்ஸ்டர் ஏற்பாட்டுக்கு வழி போட்டவர் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லைச் சேர்ந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர். இளவயதில் பனாமா கால்வாய் வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். பிறகு அண்ணன் தம்பிகளோடு ஒப்பந்தத் தொழில் செய்தார். வண்டி ஒருபக்கம் காத்துக்கிடக்க, ஆட்கள் மண்வெட்டியால் அள்ளிப் போடுவது அவருக்கு வீண்செலவாகப் பட்டது. தொட்டியைத் தனியாக வைத்துவிட்டு, நிறைந்த பின் வண்டி வந்து இயந்திரத்தால் தூக்கிக்கொள்ளும் முறையை 1930களில் உருவாக்கிக் காப்புரிமை வாங்கினார். 1950களின் முற்பாதியில் அதே ஊருக்கு மேயராகவும் இருந்தார். அவர் பெயரிலிருந்து பிறந்த டம்ப்ஸ்டர், இன்று எந்த நிறுவனத்தின் தொட்டிக்கும் பொதுப்பெயர்.

தொட்டியை வாடகைக்கு எடுப்பது சுலபம். போனில் சொன்னால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்துவிடும். அதை எங்கே நிறுத்துவது என்ற இடத்தில்தான் வாடகைக்கு எடுத்தவர் திண்டாடுகிறார். நிற்கும் இடம் சொந்த மண்ணா, தெருவா, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள குடியிருப்பா என்பதைப் பொறுத்தே அனுமதி, செலவு, அபராதம் எல்லாம் மாறுகின்றன.

முதலில் அளவு. இந்தத் தொட்டிகளைக் கன கெஜத்தில் அளப்பார்கள். 10, 15, 20, 30, 40 என்று வரிசை. 20 கெஜத் தொட்டி என்றால் 540 கன அடி. நம்மூர் மணல் கணக்கில் சுமார் ஐந்தரை யூனிட். வெளியளவில் ஏறத்தாழ 22 அடி நீளம், எட்டடி அகலம், நாலரை அடி உயரம். 40 கெஜத் தொட்டியும் நீள அகலத்தில் கிட்டத்தட்ட அதேதான், உயரம் மட்டும் எட்டடியாகிவிடும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் 10 முதல் 20 கெஜத்துக்குள் முடித்துக்கொள்வார்கள்.

பெரிய தொட்டி எடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் எடை வந்து நிற்கிறது. கூரை வேலையை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் தார் பூசிய ஷிங்கிள் ஓடுகள்தான் கூரை. நூறு சதுர அடிக்கு ஒரு ‘ஸ்கொயர்’ என்று கூரைக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். சாதாரண வகை ஷிங்கிள் ஒரு ஸ்கொயருக்குச் சுமார் 250 பவுண்டு. 2,500 சதுர அடிக் கூரையைப் பிரித்தால் 6,250 பவுண்டு, அமெரிக்க டன்னில் மூன்றுக்கு மேல். பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு அடித்த வீடாக இருந்தால் அது இரண்டு மடங்கு. 20 கெஜத் தொட்டியில் பாதிகூட நிறைந்திருக்காது. ஆனால் வாடகையோடு சேர்த்துத் தரும் எடை வரம்பு பெரும்பாலும் இரண்டு மூன்று டன்தான். அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் தனியாகக் காசு.

கான்கிரீட் இன்னும் மோசம். ஒரு கன கெஜம் கெட்டிக் கான்கிரீட் சுமார் 4,000 பவுண்டு. உடைத்துப் போடும்போது இடைவெளி விழுந்து பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து கெஜத்துக்குப் பத்து டன். மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் வண்டியும் சுமையும் சேர்த்து 80,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் பொது வரம்பு. ஆகவே கல், மண், கான்கிரீட் என்றால் நிறுவனங்கள் சின்னத் தொட்டியைத்தான் அனுப்பும். அதிலும் விளிம்புவரை நிரப்பவிடாமல் உள்பக்கம் கோடு போட்டு, அதுவரைதான் என்று சொல்லிவிடுவார்கள்.

தொட்டி வந்து இறங்கும் விதத்தைப் பார்த்தால், இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். லாரி பின்னோக்கி வருகிறது. அதன் முதுகில் இருக்கும் தண்டவாளம் போன்ற சட்டம், ஹைட்ராலிக் விசையில் மெல்ல நிமிர்கிறது. இரும்புக் கயிறு தளரத் தளர, தொட்டி சறுக்கி இறங்கி, அதன் பின்பக்கத்து இரும்பு உருளைகள் முதலில் தரையைத் தொடுகின்றன. பல டன் பாரம் அந்த இரண்டு உருளைகளின் மேல்தான். லாரி முன்னே நகர நகர, தொட்டி முழுவதுமாகத் தரையில் படிகிறது. இதற்கு நேர்கோட்டில் அறுபது அடியாவது வேண்டும். சட்டம் நிமிரும்போது மேலே இருபதடிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். டிரைவர் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதனால்தான். மின்கம்பி, கேபிள், மேப்பிள் மரக்கிளை எது குறுக்கே இருந்தாலும் தொட்டி இறங்காது.

தரையிலும் வம்பு உண்டு. வீட்டு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வே பல இடங்களில் தார் போட்டது. ஜூலை வெயிலில் தார் இளகியிருக்கும்போது இரும்பு உருளை இறங்கினால் பள்ளம் விழும். கான்கிரீட்டாக இருந்தால் ஓரம் வெடிக்கும். இதைத் தவிர்க்க, உருளை படும் இடத்தில் ப்ளைவுட்டோ கனமான பலகையோ விரிப்பார்கள். பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் டிரைவ்வேயில் விழும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும். பலகையைக் கேட்டு வாங்கி வைப்பது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. புல்தரையில் இறக்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அடியில் செப்டிக் டேங்கோ தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயோ போனால், தொட்டி வாடகையைவிட ரிப்பேர் செலவு பெரிதாகிவிடும்.

தொட்டியின் ஒருபக்கம் கதவுபோல் திறக்கும். கனமான சாமானைத் தலைக்கு மேல் தூக்கிப் போடாமல், நேராக உள்ளே நடந்து போய் வைக்கலாம். கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை லாரி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இறக்கிய பிறகு திருப்பி வைக்க முடியாது. கதவு முழுதாகத் திறக்கப் போதிய இடமும் விட்டிருக்க வேண்டும்.

சொந்த டிரைவ்வேயில் வைத்தால் பெரும்பாலான ஊர்களில் அனுமதி வேண்டியதில்லை. இந்தப் பொதுவிதியை நம்பிச் சும்மா இருந்துவிடவும் முடியாது. மாசசூசெட்ஸில் ஆறு கன கெஜமும் அதற்கு மேலும் உள்ள தொட்டிக்கு உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் பர்மிட் வேண்டும். சொந்த வளாகமானாலும்தான். குப்பைத் தொட்டிக்கும் தீயணைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் கேட்பவர்கள், கொஞ்சம் யோசித்தால் ஒப்புக்கொள்வார்கள். மரம், அட்டை, பெயிண்ட் காய்ந்த துணி நிறைந்த இருபதடித் தொட்டி மரவீட்டின் சுவரை ஒட்டி நிற்கிறது. எவனோ வீசிய சிகரெட் துண்டு ஒன்று போதும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தீயணைப்பு விதித்தொகுப்பும், ஒன்றரை கன கெஜமும் அதற்கு மேலும் உள்ள தொட்டியை எரியக்கூடிய சுவர், சன்னல், கூரை விளிம்பு ஆகியவற்றுக்கு ஐந்தடிக்குள் வைக்கக் கூடாது என்கிறது. ஸ்பிரிங்க்ளர் பாதுகாப்பு இருந்தால் விலக்கு உண்டு.

அடுத்தது வீட்டு உரிமையாளர் சங்கம். அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட சங்கங்களின் ஆளுகையில் வாழ்கிறார்கள். டெக்சஸின் பிளேனோ, ஃபிரிஸ்கோ போன்ற ஊர்களில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் கெடுபிடி நன்றாகத் தெரியும். வேலியின் நிறத்துக்கே அனுமதி கேட்கும் சங்கம், வாசலில் நிற்கும் துருப்பிடித்த தொட்டியை லேசில் விடுமா? எத்தனை நாள், எந்த இடம், இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவீர்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கும். நகராட்சி தேவையில்லை என்று சொன்ன அனுமதியைச் சங்கம் கட்டாயமாக்கலாம். மீறினால் நாள் கணக்கில் அபராதமும் போடலாம்.

டிரைவ்வே இல்லாத வீடுகளுக்கு வழியே வேறில்லை, தெருதான். நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா போன்ற பழைய நகரங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளுக்கு முன்னால் நடைபாதை, அதை அடுத்து கார் நிறுத்தும் ஓரம். அந்த ஓரம் பொதுச் சொத்து. அங்கே தொட்டி வைப்பது, ஊராரின் இடத்தைச் சில நாள் தனக்கென்று எடுத்துக்கொள்வது. அதனால் பர்மிட். நியூயார்க்கில் போக்குவரத்துத் துறை இதை வழங்குகிறது. சாலை கெடாமல் தொட்டிக்கு அடியில் பலகை போட வேண்டும். இரவில் காரோட்டிகளின் கண்ணில் படும்படி ஒளி பிரதிபலிக்கும் பூச்சோ பட்டையோ இருக்க வேண்டும். உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தொட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். தீயணைப்புக் குழாயிலிருந்து இருபுறமும் 15 அடிக்குள் கார்கூட நிறுத்த முடியாத ஊர் அது.

மற்ற ஊர்களிலும் சாராம்சம் இதுதான். தெருமுனையை ஒட்டி வைத்தால் திரும்பும் வண்டிக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. பஸ் நிறுத்தம், சைக்கிள் பாதை, சக்கர நாற்காலி இறங்கும் சரிவு, மழைநீர் வடிகால் வாய் ஆகியவற்றை மறைக்கக் கூடாது. பல நகரங்கள், விபத்து நடந்தால் இழப்பீடு தர வாடகை நிறுவனத்திடம் காப்பீடு இருக்கிறதா என்று சான்று கேட்கின்றன. பார்க்கிங் மீட்டர் உள்ள இடமென்றால், அந்த நாள்களில் மீட்டரில் விழாமல் போகும் காசையும் சேர்த்து வசூலிக்கும் நகரங்கள் உண்டு. பனி விழும் ஊர்களில் குளிர்காலத்தில் தெருவோரத்தைக் காலி செய்யச் சொல்லி அவசர அறிவிப்பு வரும். பனி அள்ளும் வண்டிக்குத் தொட்டி பெரிய தொல்லை.

பர்மிட்டை யார் வாங்குவது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சில நகரங்கள் தொட்டி நிறுவனத்துக்கு மட்டுமே தரும். சில நகரங்களில் வீட்டுக்காரரோ ஒப்பந்தக்காரரோ போய் வாங்க வேண்டும். நிறுவனம் வாங்கியிருக்கும் என்று வீட்டுக்காரரும், வீட்டுக்காரர் வாங்கியிருப்பார் என்று நிறுவனமும் நினைத்திருக்க, தொட்டி மட்டும் தெருவில் நிற்கும். பர்மிட் கையில் இருந்தாலும் இன்னொரு வேலை பாக்கி. அந்த இடத்தில் யாரும் கார் நிறுத்தக் கூடாது என்ற அறிவிப்பை முன்கூட்டியே ஒட்டியாக வேண்டும். ஒட்டாமல் விட்டால், தொட்டி லாரி வரும் காலையில் அங்கே யாரோ ஒருவரின் கார் நிற்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தொட்டியில் பெயரும் எண்ணும் எழுது, அள்ளுகிறவன் யார் என்று பதிவு செய் என்று நியூயார்க் இவ்வளவு கறாராக நிற்பதற்குப் பின்னால் ஒரு குற்றக் கதை இருக்கிறது. அந்த நகரில் வணிகக் குப்பை அள்ளும் தொழில் பல பத்தாண்டுகள் மாஃபியா கும்பல்களின் பிடியில் இருந்தது. காம்பினோ, ஜெனோவீஸ் குடும்பங்களின் நிழலில் இயங்கிய சங்கங்கள், எந்தக் கடையின் குப்பை எந்த வண்டிக்காரருக்குச் சொந்தம் என்று பங்கு பிரித்து வைத்திருந்தன. ஆளை மாற்றக் கடைக்காரருக்கு வழியில்லை. கேட்ட காசைக் கொடுத்தாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பிரௌனிங் ஃபெரிஸ் என்ற பெரிய நிறுவனம் நகருக்குள் நுழைந்தபோது, அதன் அதிகாரி ஒருவரின் வீட்டில் வெட்டப்பட்ட நாய்த்தலை கிடந்தது. நியூயார்க்குக்கு வரவேற்கிறோம் என்று ஒரு துண்டுச் சீட்டும் கூடவே.

ரிக் கோவன் என்ற துப்பறியும் காவலர், பழைய காகித நிறுவனம் ஒன்றின் ஆளாக வேடமிட்டுச் சில ஆண்டுகள் அந்தக் கும்பலுக்குள் இருந்து சாட்சியம் திரட்டினார். 1995இல் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கெந்தாவ் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே நகரசபை சட்டம் போட்டு இத்தொழிலைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைத்தது. இன்று அதன் பெயர் பிசினஸ் இன்டெக்ரிட்டி கமிஷன். குப்பை அள்ளும் நிறுவனங்கள் அதனிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கட்டட ரப்பீஸ் மட்டும் அள்ளுகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணமும் குறைந்தது, ஆளை மாற்றும் உரிமையும் கடைக்காரருக்குக் கிடைத்தது.

தொட்டிக்குள் எதைப் போடலாம் என்பதற்கும் ஊருக்கு ஊர் விதி. டயர், பேட்டரி, காயாத பெயிண்ட், கேஸ் சிலிண்டர், ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றை ஏறக்குறைய எந்த நிறுவனமும் ஏற்காது. பழைய ஃப்ரிட்ஜ், ஏசி என்றால் அதிலிருக்கும் குளிரூட்டும் வாயுவை முறையாக வெளியே எடுத்த பிறகே கழிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. மாசசூசெட்ஸில் செங்கல், கான்கிரீட், மரம், சுத்தமான ஜிப்சம் பலகை போன்றவற்றைக் குப்பைமேட்டில் கொட்ட முடியாது. 2022 நவம்பர் முதல் மெத்தையும் துணியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

மெத்தை என்றதும் டம்ப்ஸ்டர் வைத்த எல்லாரும் சொல்லும் ஒரு புலம்பல் நினைவுக்கு வரும். ராத்திரி படுக்கப் போகும்போது தொட்டி பாதி காலி. காலையில் பார்த்தால் முன்பின் தெரியாத மெத்தை ஒன்றும் பழைய டிவியும் உள்ளே கிடக்கின்றன. தெருவில் நிற்கும் தொட்டிக்கு இந்த ஆபத்து அதிகம், டிரைவ்வேயில் உள்ளடங்கி நிற்பதற்குக் குறைவு. யார் போட்டாலும் தண்டம் கட்டுவது வாடகைக்கு எடுத்தவர்தான். தார்ப்பாய் போட்டு மூடுவது இதற்கும் ஓரளவு உதவும், மழைக்கும் உதவும். கார்ப்பெட்டும் ஜிப்சம் பலகையும் ஒரு நல்ல மழையில் குடித்துவிடும் தண்ணீரின் எடைக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சட்டம் மாறுவதற்குச் சான்றாகக் குப்பைத் தொழிலுக்கு வெளியே ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 1984இல் கலிபோர்னியாவின் லகூனா பீச்சில், கிரீன்வுட் என்பவர் வீட்டு முன் தெருவோரம் வைத்த குப்பைப் பைகளைப் போலீஸார் குப்பை வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிப் பிரித்தார்கள். போதைப்பொருள் தடயங்கள் கிடைத்தன. வாரன்ட் இல்லாமல் பிரித்தது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1988இல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. எடுத்துப் போவதற்காகத் தெருவோரம் வைத்துவிட்ட குப்பையில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். வீட்டை ஒட்டிய வளாகத்துக்குள் இருக்கும் பொருளுக்கு அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பு வேறு. இரண்டு ஆண்டு கழித்து நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், தன் மாநில அரசியல் சட்டத்தின்படி தெருவோரக் குப்பைப் பையைப் பிரிக்கவும் வாரன்ட் வேண்டும் என்று மாறுபட்டது. பழைய வங்கிக் கணக்குத் தாள்களைக் கட்டுக்கட்டாக டம்ப்ஸ்டரில் போடுகிறவர்கள் போலீஸைவிட அடையாளத் திருடர்களுக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது வேறு விஷயம்.

வேலை முடிந்து நிறுவனத்துக்குப் போன் செய்தால் லாரி திரும்பி வரும். டிரைவர் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். சாமான் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் தார்ப்பாய் போட முடியாது, பாய் போடாமல் சாலையில் ஓட்ட முடியாது. வீட்டுக்காரர் மேலே ஏறி, துருத்திய கதவுச் சட்டத்தை அறுத்தோ எடுத்தோ வைக்கும்வரை டிரைவர் காத்திருப்பார். காத்திருக்க நேரமில்லையென்றால் போய்விடுவார். தொட்டியை மறித்து யாருடைய காராவது நின்றாலும் போய்விடுவார். அப்படிப் போனால் வந்துபோன கூலி தனியாகப் பில்லில் ஏறும்.

எல்லாம் சரியாக இருந்தால், இறக்கிய அதே விதத்தில் தொட்டி மேலேறும். இந்தமுறை பாரத்தோடு ஏறுவதால், கூரை ஓடும் கான்கிரீட்டும் நிறைந்த தொட்டிக்கு அடியில் பலகை முனகுவது கேட்கும். குப்பை நிலையத்தின் எடைமேடையில் லாரி ஏறி நிற்க, காலி எடையைக் கழித்துச் சீட்டு அடிப்பார்கள். வரம்புக்கு மேல் போன டன்னுக்கான காசு, முன்பணம் கட்டக் கொடுத்த கிரெடிட் கார்டில் அடுத்த சில நாளில் பிடிக்கப்படும். பில்லோடு எடைச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்கலாம், கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.